வெள்ளமா, குழாயா? பூஞ்சைத் தட்டு வைத்து ஒரு வீட்டைச் சோதித்த அனுபவம்

சுவரில் பூஞ்சை கண்ணுக்குத் தெரிகிறதென்றால் தட்டு (காற்றில் மிதக்கும் பூஞ்சை விழுந்து முளைப்பதற்காகச் சத்துக்கூழ் ஊற்றிய ஆய்வகத் தட்டு) வைத்துச் சோதிக்கத் தேவையே இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கறுப்பாகப் படர்ந்திருக்கிற சுவருக்குக் கீழே தட்டை வைத்து, அதில் கறுப்பாக முளைத்ததைப் பார்த்து என்ன தெரிந்துகொள்ளப் போகிறோம்? அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையும் ஏறக்குறைய இதையேதான் சொல்கிறது: தெரிந்தால் துடை, ஈரம் வரும் வழியை அடை, பெரும்பாலும் சோதனை தேவைப்படாது. உலக சுகாதார நிறுவனம் 2009-ல் வீட்டு ஈரம், பூஞ்சை பற்றித் தனியாக ஒரு வழிகாட்டி வெளியிட்டது. அதிலும் காற்றில் இத்தனைக்கு மேல் போனால் ஆபத்து என்று ஓர் எண் கிடையாது. எண்ணைத் தேடிக்கொண்டு இந்த வேலையில் இறங்குகிறவர்கள் இங்கேயே நின்றுவிடலாம்.

எங்கள் வீட்டுச் சிக்கல் வேறு மாதிரி. கண்ணுக்கு எதுவும் தெரியவில்லை, மூக்குக்குத் தெரிந்தது. கடலூரில், செம்மண்டலத்தைத் தாண்டி, பெண்ணையாற்றுப் பக்கம் தரைத்தளத்தில் வாடகைக்கு இருக்கிறோம். 2024 டிசம்பர் தொடக்கத்தில், ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்த கையோடு பெண்ணையாறு பெருக்கெடுத்தபோது இந்த வீட்டுக்குள் முழங்கால் அளவு தண்ணீர் நின்றதாம். நாங்கள் அதற்கப்புறம் குடிவந்தவர்கள். படுக்கையறையில் மட்டும் ஒரு மக்கின வாடை, காலையில் எழுந்ததும் மனைவிக்கு அடுக்குத் தும்மல். வீட்டுக்காரரிடம் சொன்னால் ஒரே பதில்: “வெள்ளம் பூந்த வீடு தம்பி. ஓதம் போக ரெண்டு மூணு கோடை ஆகும். கடலோரத்துல இருந்துக்கிட்டு இதெல்லாம் பாத்தா முடியுமா?”

கேட்க நியாயமாகத்தான் இருந்தது. ஆனால் அதே வெள்ளம் ஹாலிலும்தானே நின்றது? ஹாலில் வாடை இல்லை. அப்படியானால் கேள்வி, காற்றில் எவ்வளவு பூஞ்சை இருக்கிறது என்பதல்ல. படுக்கையறைக் காற்று, ஹாலிலிருந்தும் வெளிக்காற்றிலிருந்தும் வேறுபடுகிறதா என்பது. இந்த ஒப்பீட்டுக் கேள்விக்கு மட்டும் சாதாரணத் தட்டு ஓரளவு பதில் சொல்லும். கல்லூரியில் மைக்ரோபயாலஜி படித்தவன், கைப்பழக்கம் இன்னும் விட்டுப்போகவில்லை, சரி செய்துதான் பார்ப்போமே என்று ஆரம்பித்தேன்.

தட்டில் ஊற்றும் ஊடகத்துக்கு, அதாவது அந்தச் சத்துக்கூழுக்கு, உருளைக்கிழங்கு போதும். ஒரு லிட்டருக்கு 200 கிராம் உருளைக்கிழங்கு, 20 கிராம் டெக்ஸ்ட்ரோஸ், 15 முதல் 20 கிராம் அகர். உலகம் முழுக்க ஆய்வகங்களில் இதே அளவுதான். தோல் சீவி, சிறிதாக நறுக்கி, இருபது நிமிடம் கொதிக்கவிட்டு, பழைய வேட்டித் துணியில் வடிகட்டி, அந்தத் தண்ணீரில் மற்ற இரண்டையும் கரைத்து, மறுபடி ஒரு லிட்டருக்குக் கொண்டுவர வேண்டும். நோன்பு மாதத்தில் கடல்பாசி செய்ய வாங்குகிற சைனா கிராஸும் அகர்தான். ஆய்வகத்துக்கு அகர் வந்ததே சமையலறை வழியாகத்தான். 1881-ல் ஃபேனி ஹெஸ்ஸே என்ற பெண்மணி, தான் சமையலில் பயன்படுத்திய அகரைக் கணவருக்குச் சொல்ல, அது பாக்டீரியா ஆய்வின் முன்னோடி ராபர்ட் கோக்கின் ஆய்வகத்துக்குப் போனது. ஆனாலும் நான் சைனா கிராஸைப் போடவில்லை, புதுச்சேரியில் ஓர் ஆய்வகப் பொருள் கடையில் தூள் அகர் வாங்கினேன். காரணம், நான் அமிலம் சேர்க்க வேண்டியிருந்தது. அமிலத்தில் அகர் இளகும். தரம் தெரியாத அகர் என்றால் தட்டு கெட்டியாகாமல் கூழாகவே நின்றுவிடும்.

அமிலம் எதற்கு என்றால், பாக்டீரியாவை அடக்க. ஆய்வகத்தில் இதற்குக் குளோராம்பெனிகால் சேர்ப்பது வழக்கம். அது ஆன்டிபயாடிக்; வீட்டுப் பரிசோதனைக்காக அதை மருந்துக் கடையில் வாங்கி மிச்சத்தைச் சாக்கடையில் விடுவதில் எனக்கு உடன்பாடில்லை. பழைய முறை ஒன்று இருக்கிறது: டார்டாரிக் அமிலத்தைப் பத்து சதவீதக் கரைசலாகத் தனியாகக் கிருமி நீக்கி வைத்துக்கொண்டு, ஊடகம் ஆறி 50 டிகிரிக்கு வந்ததும் பி.ஹெச். (புளிப்பின் அளவு; குறையக் குறையப் புளிப்பு கூடும்) 3.5 ஆகும் வரை சேர்ப்பது. பெரும்பாலான பாக்டீரியா இந்தப் புளிப்பில் எழாது, பூஞ்சை எழும். குக்கரில் ஏற்றுவதற்கு முன்னாலேயே அமிலத்தைக் கலந்துவிட்டால் சூட்டில் அகர் சிதைந்துவிடும். சேர்த்த பிறகு மறுபடி உருக்கவும் கூடாது. அதனால் சேர்த்தவுடனே மொத்தத்தையும் தட்டுகளில் ஊற்றிவிட வேண்டும்.

கிருமி நீக்க வீட்டுப் பிரஷர் குக்கர் போதும். ஆய்வக ஆட்டோகிளேவ் 15 பி.எஸ்.ஐ. அழுத்தத்தில் 121 டிகிரி போகிறது. வெயிட் போடும் நம்மூர் குக்கர்களும் கிட்டத்தட்ட அந்த அழுத்தத்தில்தான் வேலை செய்கின்றன. பாட்டிலில் பாதி வரைக்கும்தான் ஊடகம், மூடியை இறுக்காமல் வைப்பது, முதல் விசில் வந்ததும் தீயைக் குறைத்து இருபது நிமிடம், அப்புறம் அழுத்தம் தானாக இறங்கும் வரை கை வைக்காமல் இருப்பது. அவசரப்பட்டு வெயிட்டைத் தூக்கினால் பாட்டிலில் இருப்பது பொங்கிக் குக்கருக்குள் கொட்டும். இதற்கென்று பழைய குக்கர் ஒன்றைத் தனியாக ஒதுக்கிவிட்டேன், அது இனி சமையலறைக்குத் திரும்பாது.

9 செ.மீ. பிளாஸ்டிக் தட்டு ஒன்றுக்கு 15 முதல் 20 மி.லி. ஃபேனை நிறுத்தி, ஜன்னலைச் சாத்தி, எரிகிற கேஸ் அடுப்புப் பக்கத்தில் வைத்து ஊற்ற வேண்டும். ஊற்றிய தட்டுகளை ஓரிரு நாள் சும்மா வைத்துப் பார்த்து, தானாக எதுவும் முளைத்ததை ஒதுக்கிவிட்டு மிச்சத்தை எடுத்துக்கொண்டேன்.

இதோடு இன்னொரு வகையும் ஊற்றினேன், இந்த வேலையில் உருப்படியான தகவலைத் தந்தது அதுதான். 100 மி.லி. ஊடகத்துக்கு 40 கிராம் வெள்ளைச் சர்க்கரை. சாதா உருளைக்கிழங்குத் தட்டு தண்ணீர் நிறைந்த இடம்; ஈரம் குறைந்த இடத்தில் வாழப் பழகிய பூஞ்சைகள் அதில் சரியாக வளராது, அல்லது வேகமாக வளர்கிறவை அவற்றை மூடிவிடும். சர்க்கரை தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்வதால் அந்த வறட்சி விரும்பிகளுக்கு வழி கிடைக்கிறது. ஆய்வகங்களில் இதற்கு கிளிசரால் சேர்த்த டி.ஜி.18 என்ற ஊடகம் உண்டு, சர்க்கரை நாற்பது சதவீதம் போட்ட ஊடகமும் உண்டு. நம் வீட்டில் சர்க்கரைக்குப் பஞ்சமில்லை.

இனி தட்டு வைப்பது. நான் செய்தது வெறும் படிவு முறை: தட்டைத் திறந்து வைத்தால் காற்றிலிருந்து தானாக விழுவது விழும். தரையிலிருந்து ஒரு மீட்டர் உயரம், சுவரிலிருந்து ஒரு மீட்டர் தூரம், ஒரு மணி நேரம். படுக்கையறை, ஹால், மொட்டைமாடி மூன்றிலும் ஒரே நேரத்தில். இரண்டு சாதாத் தட்டு, ஒரு சர்க்கரைத் தட்டு வீதம். கூடவே திறக்கவே திறக்காத ஒரு தட்டு, திறந்த மறுநொடியே மூடிய ஒரு தட்டு. இவை இரண்டும் சுத்தமாக இருந்தால்தான் மற்றவற்றில் வந்ததை நம்ப முடியும். மாடித் தட்டு இல்லாமல் வீட்டுக்குள் மட்டும் வைத்துவிட்டு “ஐயோ இவ்வளவு பூஞ்சையா” என்று அலறுவது வீண். கடலூர் மாதிரி ஊரில் வெளிக்காற்றிலேயே பூஞ்சை வித்து தாராளமாக மிதக்கிறது. வயலும் வாய்க்காலும் பக்கத்தில் இருக்கும்போது வேறெப்படி இருக்கும்?

படிவு முறைக்கு ஒரு பெரிய ஓரவஞ்சனை உண்டு. 3 மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் மூன்று பங்கு) அளவுள்ள ஒரு வித்து, அசைவில்லாத காற்றில் ஒரு மீட்டர் கீழே இறங்கக் கிட்டத்தட்ட ஒரு மணி நேரம் ஆகும். பெனிசிலியம், ஆஸ்பர்ஜில்லஸ் என்ற பூஞ்சைகளின் வித்தெல்லாம் ஏறக்குறைய இந்த அளவு. ஆல்டர்னேரியா மாதிரிப் பூஞ்சைகளின் பெரிய வித்துகளோ சில நிமிடத்திலேயே விழுந்துவிடும். ஆக, தட்டு பெரியதை அதிகமாகவும் சிறியதைக் குறைவாகவும் காட்டும். மூச்சுக்குழாயில் ஆழமாகப் போவதோ அந்தச் சிறியதுதான். முறையாகச் செய்கிறவர்கள் ஆண்டர்சன் சாம்ப்ளர் வைப்பார்கள். நிமிடத்துக்கு 28.3 லிட்டர் காற்றை 400 துளைகள் வழியாக இழுத்துத் தட்டின் மேல் அடிக்கும் கருவி அது. இரண்டு நிமிடம் ஓட்டினால் 56.6 லிட்டர், அதில் 17 கூட்டம் (ஒரு வித்து முளைத்துப் பரவிய புள்ளி ஒரு கூட்டம்) முளைத்தால் கனமீட்டருக்குச் சுமார் 300 என்று கணக்குப் போடலாம். படிவுத் தட்டிலிருந்து அப்படி ஒரு கணக்கு நியாயமாகப் போட முடியாது. இடத்துக்கு இடம் ஒப்பிடலாம், அவ்வளவுதான். எனக்கு வேண்டியதும் அதுதான்.

மூடிய தட்டுகளைச் சுற்றி டேப் ஒட்டி, கவிழ்த்து, தெர்மோகோல் பெட்டியில் வைத்து ஸ்டோர் ரூம் மூலையில் தள்ளிவிட்டேன். 25 முதல் 28 டிகிரி போதும், நம்மூர் அறை வெப்பமே அதற்குக் கிட்டத்தட்ட வந்துவிடும். 37 டிகிரியில் வைக்காதீர்கள். உடம்புச் சூட்டில் வளரும் ஆஸ்பர்ஜில்லஸ் ஃபியூமிகேட்டஸ் போன்றவற்றை வீட்டுக்குள் வளர்த்து வைக்கும் வேலை நமக்கு வேண்டாம். வளர்ந்த பிறகு எந்தத் தட்டையும் திறக்கவும் கூடாது, மோந்து பார்க்கவும் கூடாது. ஆஸ்துமா இருப்பவர்கள், எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மருந்து எடுப்பவர்கள் இருக்கும் வீட்டில் இந்த வேலையே வேண்டாம்.

மூன்றாம் நாள் ஒரு முறை எண்ணித் தட்டின் அடியில் மார்க்கரால் புள்ளி வைத்துக்கொள்வது நல்லது. ரைசோபஸ் என்ற பூஞ்சையின் வித்து ஒன்று விழுந்திருந்தால் அது பஞ்சு மாதிரி கிளம்பி இரண்டு மூன்று நாளில் முழுத் தட்டையும் மூடிவிடும், அப்புறம் எண்ண முடியாது. ஹால் தட்டு ஒன்று அப்படித்தான் போனது. ஐந்தாம் நாள் படம் தெளிவானது. மாடியில் முப்பது சொச்சம் கூட்டங்கள், பெரும்பாலும் ஆலிவ் பச்சையிலும் கருமையிலும் வெல்வெட் போலிருக்கும் கிளாடோஸ்போரியம் என்ற பூஞ்சை, வெளிக்காற்றில் எங்கும் முதலில் வருவது அதுதான். ஹாலில் அதே வகைகள், எண்ணிக்கையில் கொஞ்சம் குறைவு. வெளிக்காற்று உள்ளே வந்து போகிற ஆரோக்கியமான அறையில் இப்படித்தான் இருக்க வேண்டும். படுக்கையறையில் எண்ணிக்கை மாடியைப் போல இரண்டு மடங்கு, அதைவிட முக்கியமாக ஆட்களே வேறு: நீலப்பச்சைப் பொடி தூவியது போன்ற கூட்டங்கள்தான் முக்கால்வாசி. வெளியே அரிதாக இருப்பது உள்ளே மலிந்திருக்கிறதென்றால், அது உள்ளேயே எங்கோ விளைகிறது.

சர்க்கரைத் தட்டுகள் மெதுவாகத்தான் பேசும், பத்து நாள் பொறுக்க வேண்டும். மாடியிலும் ஹாலிலும் கொஞ்சம். படுக்கையறைத் தட்டிலோ மஞ்சளும் சாம்பல்பச்சையுமாக நெருக்கமாக வந்திருந்தது. கல்லூரி ஆய்வகத்தில் வேலை பார்க்கும் நண்பர் பார்த்துவிட்டு ஆஸ்பர்ஜில்லஸ் கிளாகஸ் குழு என்றார். இந்தக் குழுவுக்குச் சொட்டும் தண்ணீர் தேவையில்லை. சுற்றியுள்ள காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தை ஒட்டி நின்றாலே தோல், துணி, மரம் எதன் மேலும் வளரும். வெள்ளத்தில் ஊறிய சுவரைவிட, ஒரு மூடிய பெட்டிக்குள் தேங்கிய ஈரக்காற்றைத்தான் இது காட்டுகிறது. அந்த அறையில் மூடிய பெட்டி என்றால் ஒன்றுதான்: பிளைவுட் அடித்த சுவர் அலமாரி.

அலமாரியைத் திறந்து பார்த்தால் சுத்தமாகத்தான் இருந்தது. டார்ச்சை நேராகப் பிடிக்காமல் பலகையோடு பலகையாகச் சாய்த்து அடித்தேன். பெல்ட், பழைய லெதர் பை, பின்பலகையின் கீழ்ப்பகுதி எல்லாவற்றிலும் மெல்லிய பொடிப்படலம், நேர் வெளிச்சத்தில் வெறும் தூசி என்றே நினைக்கத் தோன்றும். செல்லோடேப்பை ஒட்டி எடுத்து ஸ்லைடில் ஒட்டி நண்பரிடம் கொடுத்தேன். லாக்டோஃபீனால் காட்டன் புளூ என்ற சாயம் விட்டு மைக்ராஸ்கோப்பில் பார்த்ததில் வித்துச் சங்கிலிகளோடு ஆஸ்பர்ஜில்லஸ் தலைகள் வரிசையாக நின்றன. பத்து ரூபாய் டேப் செய்கிற வேலையைப் பார்த்தால், இடம் தெரிந்துவிட்ட பிறகு தட்டைவிட டேப்தான் மேல். இடத்தைக் கண்டுபிடிக்கத்தான் தட்டு.

(எதிர் வீட்டு அக்கா இதைக் கேட்டுவிட்டு, 2021-ல் கொரோனா சமயத்தில் வந்த கறுப்புப் பூஞ்சை இதுதானா என்று பயந்துவிட்டார். இல்லை. அது மியூக்கர் வகைப் பூஞ்சை, அதில் கறுத்தது நோயாளியின் செத்துப்போன திசு. சுவரிலும் பீரோவிலும் வருவதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று சொல்லிப் புரியவைப்பதற்குள் ஒரு டீ ஆறிவிட்டது.)

அடுத்து, அலமாரிக்குள் ஈரம் எங்கிருந்து வருகிறது? ஆன்லைனில் இரண்டு சின்ன ஈரப்பதமானி வாங்கினேன். இவற்றை அப்படியே நம்பக் கூடாது. ஒரு பாட்டில் மூடியில் சமையல் உப்பைப் போட்டுச் சில சொட்டுத் தண்ணீர் விட்டுச் சேறு போலக் குழைத்து, மானியோடு சேர்த்துக் காற்றுப் புகாத டப்பாவில் ராத்திரி முழுக்க வைத்தால் உள்ளே 75 சதவீதம் இருக்கும். அது இயற்கை விதி. மானி என்ன காட்டுகிறதோ அந்த வித்தியாசத்தைக் கூட்டிக் கழித்துக்கொள்ளலாம். திருத்திப் பார்த்ததில் அறையில் 70-ஐ ஒட்டி, அலமாரிக்குள் 84.

பின்பலகையைக் கழற்றிச் சுவரில் ஒரு பாலிதீன் தாளை நான்கு பக்கமும் டேப் ஒட்டி மறுநாள் வரை விட்டேன். அறையைப் பார்த்த பக்கம் நீர் கோத்தால் காற்றின் ஈரம், சுவரைப் பார்த்த பக்கம் கோத்தால் சுவரின் ஈரம். சுவர்ப் பக்கம் முத்து முத்தாக நின்றது. அதே சோதனை ஹால் சுவரில், அதே உயரத்தில், காய்ந்த தாள். அலமாரிச் சுவருக்கு மறுபக்கம் குளியலறை. வெள்ளம் எல்லாச் சுவரையும்தான் நனைத்தது, ஒரு சுவர் மட்டும் இன்னும் காயவில்லை என்றால் அதற்கு யாரோ தினமும் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருக்கிறார்கள்.

வீட்டுக்காரரைக் கூப்பிட்டு இரண்டு தாளையும் காட்டினேன். தட்டு படங்களைப் பார்த்து முகம் சுளித்தவர், தாளில் நின்ற தண்ணீரைப் பார்த்ததும் பிளம்பருக்குப் போன் போட்டுவிட்டார். பிளம்பர் தம்பி டெஸ்டிங் பம்பை மாட்டி அழுத்தம் ஏற்றினார், முள் மெதுவாக இறங்கியது. டைல்ஸை உடைத்துப் பார்த்தால் ஷவருக்குப் போகும் பழைய ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) குழாயின் எல்போ துருப்பிடித்து மரை பக்கம் கசிகிறது. உப்புத் தண்ணீர் ஊர், ஜி.ஐ. எத்தனை நாளைக்குத் தாங்கும்? “அண்ணே, இது வெள்ளத்துக்கு முன்னாடியே ஆரம்பிச்ச கசிவு” என்றார், துருவின் கனத்தைப் பார்த்து. வீட்டுக்காரர் எதுவும் பேசவில்லை, குழாய்ச் செலவை ஏற்றுக்கொண்டார். அலமாரி வேலை எங்கள் தலையில்.

அந்தப் பகுதிக்கு சி.பி.வி.சி. பிளாஸ்டிக் குழாய் போட்டாயிற்று. அலமாரிக்குள் பிளாஸ்டிக் எமல்ஷனைச் சுரண்டி எடுத்து, பூச்சைத் திறந்தபடி காயவிட்டு, பாலிதீன் தாள் சோதனை சுத்தமான பிறகுதான் மேற்பூச்சு. எமல்ஷன் வேண்டாம், கிளிஞ்சல் சுண்ணாம்பு அடியுங்கள் என்று சொன்னேன். பெயின்டர் ஒரு மாதிரி பார்த்தார். புதுச் சுண்ணாம்பின் காரத்தில் பூஞ்சை எளிதில் ஒட்டாது, சுவர் ஈரத்தை வெளியேவிடவும் செய்யும். பின்பலகை பிளைவுட்டைத் தூக்கிப் போட்டுவிட்டேன். பூஞ்சை உள்ளே ஊடுருவிய பிளைவுட்டை எதை வைத்துத் துடைத்தும் பயனில்லை. மற்றப் பலகைகளை என்95 மாஸ்க் போட்டு, சோப்புத் தண்ணீர்த் துணியால் ஈரமாகவே துடைத்து உடனே காயவிட்டோம். துடைப்பத்தால் தட்டியிருந்தால் அத்தனை வித்தும் அறை முழுக்கப் பறந்திருக்கும். கதவுகளில் மேலும் கீழும் காற்றுத் துளை போட்டாயிற்று.

பிறகு அதே மாதிரி மூன்று இடத்திலும் மறுபடி தட்டு. இந்த முறை படுக்கையறை மாடியைவிடக் குறைவு, நீலப்பச்சை அங்கொன்று இங்கொன்று, மீதி கிளாடோஸ்போரியம். அலமாரி ஈரப்பதம் அறையோடு ஒட்டி வந்துவிட்டது. மனைவியின் தும்மல் குறைந்திருக்கிறது. அது அலமாரியாலா, அல்லது மார்கழிப் பனி போய் மாசி வந்ததாலா என்று இந்தத் தட்டுகளை வைத்துச் சொல்ல முடியாது. தட்டில் முளைப்பது உயிருள்ள வித்து மட்டும். செத்த வித்தும் உடைந்த துணுக்கும்கூட ஒவ்வாமை தரும், அவை தட்டுக்குத் தெரியாது. அதனால் மெத்தை உறை, திரை எல்லாவற்றையும் துவைத்து வெயிலில் போட்டோம், மருத்துவரிடம் காட்டுவதையும் நிறுத்தவில்லை.

வளர்ந்த தட்டுகளைத் திறக்காமலே அந்தப் பழைய குக்கரில், பையோடு சேர்த்து அரை மணி நேரம் வேகவைத்து, உருகிச் சுருங்கியதைக் கட்டிக் குப்பையில் போட்டேன். சர்க்கரைத் தட்டில் படுக்கையறை இப்போதும் மாடியைவிடக் கொஞ்சம் கூடுதல்தான். அலமாரியில் மிச்சமா, பரணில் இருக்கும் பழைய சூட்கேஸ்களா தெரியவில்லை. சூட்கேஸ்களை இறக்கி டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும், ஐப்பசி மழை வருவதற்குள்.